பேரேட்டில் ஏறாத பெயர்கள்: பட்டாசு வட்டாரத்தில் ஒரு சட்டமன்ற உறுப்பினர் சொல்ல வேண்டிய கணக்கு

விருதுநகர் மாவட்டத்தில் ஏழு சட்டமன்றத் தொகுதிகள்: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர், சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை, திருச்சுழி. தொகுதி மேம்பாட்டு நிதி ஓர் உறுப்பினருக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். மாவட்டம் முழுக்க ஆண்டுக்கு 21 கோடி, ஐந்தாண்டுப் பதவிக்காலத்துக்கு 105 கோடி. இந்தப் பணம் எங்கே போயிற்று என்பதைச் சொல்லத்தான் பதவிக்காலம் முடியும் தறுவாயில் வீடுவீடாகச் சாதனை மலர் வருகிறது. பயணியர் நிழற்குடை, ரேஷன் கடைக் கட்டடம், கலையரங்கம், பேவர் பிளாக் தெரு, உயர்கோபுர மின்விளக்கு என்று பக்கத்துக்குப் பக்கம் படங்கள் இருக்கும். அவற்றில் எதுவும் வீணான வேலை என்று நான் சொல்லவில்லை. பங்குனி வெயிலில் ஆலை வேனுக்குக் காத்து நிற்கும் பெண்ணுக்கு நிழற்குடை பெரிய உதவிதான். ஆனால் அந்த வேனில் ஏறிப் போகிறவருக்கு அரசிடமிருந்து வரவேண்டியது வேறு நிறைய இருக்கிறது. அதைப் பற்றி மலரில் ஒரு வரியும் இருப்பதில்லை. பட்டாசுத் தொழில் நடக்கும் ஊர்களில் ஒரு மக்கள் பிரதிநிதி தன் தொகுதிக்கு எந்தக் கணக்கைச் சொல்ல வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

முதலில் அந்த 3 கோடி. அது உறுப்பினரின் கைக்கு வருவதில்லை. அவர் பணியைப் பரிந்துரைப்பார்; மாவட்ட ஆட்சியர் நிர்வாக அனுமதி தருவார்; ஊரக வளர்ச்சி முகமை வழியாக ஒன்றியமோ நகராட்சியோ வேலையை முடிக்கும். ஒரு பகுதியை அரசு குறித்துக் கொடுத்த இனங்களுக்கே செலவிட வேண்டும். மிச்சத்தில்தான் உறுப்பினரின் விருப்பம் செல்லும். செய்வது நிலைத்து நிற்கும் சொத்தாக இருக்க வேண்டும் என்பது விதி. கட்டடம் கட்டலாம், அதில் உட்கார ஒரு செவிலியருக்குச் சம்பளம் தர முடியாது. எனவே மலர் கட்டடங்களால் நிறைந்திருப்பதற்கு உறுப்பினரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. நிதியின் அமைப்பே அவரைச் சிமென்ட் பக்கம் தள்ளுகிறது.

ஆனால் உறுப்பினரின் பலம் அந்த நிதியோடு முடிவதில்லை. சட்டமன்றத்தில் கேள்வி கேட்கலாம், மானியக் கோரிக்கை விவாதத்தில் துறை அமைச்சரிடம் பதில் வாங்கலாம், மனுக்கள் குழுவுக்கு ஊர்ப் பிரச்சினையைக் கொண்டுபோகலாம். 2022 ஆகஸ்டில் ‘உங்கள் தொகுதியில் முதலமைச்சர்’ திட்டத்தின் கீழ், எதிர்க்கட்சியினர் உட்பட 234 உறுப்பினர்களிடமும் தொகுதியின் முக்கியமான பத்துக் கோரிக்கைகளை வரிசைப்படுத்தி ஆட்சியரிடம் தரச் சொன்னது அரசு. பாலம், புறவழிச்சாலை, குடிநீர் ஆகியவற்றோடு ‘தொழிலாளர் பதிவு’ என்று ஒன்றையும் அந்தப் பத்தில் சேர்க்க எந்தத் தடையும் இருக்கவில்லை. அதிகாரத்துக்கும் இந்த மாவட்டத்தில் பஞ்சமில்லை. சிவகாசியிலிருந்து சென்ற கே.டி. ராஜேந்திர பாலாஜி முந்தைய அ.தி.மு.க. ஆட்சியில் அமைச்சர். 2021-க்குப் பிறகு அருப்புக்கோட்டையின் கே.கே.எஸ்.எஸ்.ஆர். ராமச்சந்திரன் வருவாய்த் துறையையும், திருச்சுழியின் தங்கம் தென்னரசு 2023 முதல் நிதித் துறையையும் கவனித்தார்கள். பட்டாசு உரிமங்களில் ஒரு பகுதியை வழங்குபவர் மாவட்ட வருவாய் அலுவலர் என்பதை நினைத்தால், வருவாய்த் துறை இந்த மாவட்டத்துக்காரரிடம் இருந்ததன் பொருள் விளங்கும்.

பெயர் பதிவது என்ன செய்யும் என்பதற்கு இந்த மாவட்டத்திலேயே முன்னுதாரணம் உண்டு. காமராஜர் முதலமைச்சராக இருந்துகொண்டே 1957-லும் 1962-லும் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது சாத்தூரிலிருந்து. பள்ளிகளில் அவர் கொண்டுவந்த மதிய உணவைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதை அவருடைய கருணையாகவே சொல்லி முடித்துவிடுகிறார்கள். அதில் இருந்த நிர்வாக நுட்பத்தை நான் அதைவிடப் பெரிதாக மதிக்கிறேன். சோறு போட்டால் பிள்ளை பள்ளிக்கு வரும். வந்தால் பெயர் வருகைப் பதிவேட்டில் ஏறும். ஏறிய பெயர் ஒருநாள் வராமல் போனால் ஏன் என்று கேட்க ஓர் ஆசிரியர் இருப்பார். பின்னாளில் பிளஸ் டூ தேர்ச்சியில் இந்த மாவட்டம் பல ஆண்டுகள் மாநிலத்தில் முதலிடம் பிடித்ததற்கு வேர் அங்கே இருக்கிறது.

குழந்தைத் தொழிலாளர் விஷயத்திலும் அதே வழிதான் பலன் தந்தது. சிவகாசித் தீப்பெட்டி ஆலைகளில் குழந்தைகள் வேலை செய்வதை எதிர்த்து வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: கணக்கெடுங்கள், ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் முதலாளியிடம் வாங்கி நிதியில் போடுங்கள், பிள்ளையைப் பள்ளியில் சேருங்கள். 1988-ல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தில் சிவகாசி வட்டாரம் ஆரம்பத்திலேயே இடம்பெற்றிருந்தது. சிறப்புப் பள்ளிகள் வந்தன, ஆய்வுகள் நடந்தன. குழந்தை உழைப்பு முற்றாக ஒழிந்தது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அதிகாலைப் பேருந்தில் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு தீப்பெட்டி ஆபீசுக்குப் போன காலம் போய்விட்டது. பெயரெடுத்துப் பின்தொடர்ந்ததால் வந்த மாற்றம் அது.

அந்தப் பிள்ளைகளின் தாய் தகப்பன்மாருக்கு இப்படி யாரும் பெயரெடுக்கவில்லை.

இந்த வட்டாரத்தில் ஆலையை ‘பட்டாசு ஆபீஸ்’ என்பார்கள். ஆபீசுக்குள் போனால் ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டுக் கட்டிய சின்னச் சின்ன அறைகள். மருந்து செலுத்தும் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக்கூடாது. ஓடித் தப்பிக்கத் தோதாகக் கதவுகள் வெளிப்பக்கம் திறக்கும். தரையில் ரப்பர் விரிப்பு. மேலே எத்தனை பேர், எத்தனை கிலோ மருந்து என்று எழுதிய பலகை. இவ்வளவும் வெடிபொருள் விதிகளின்படி. உரிமம் கொடுக்கும் மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் அலுவலகம் சிவகாசியிலேயே இருக்கிறது. சட்டம் எழுத்தில் நன்றாகவே இருக்கிறது. ஆலையை உள்குத்தகைக்கு விடும்போதுதான் எல்லாம் குலைகிறது. உரிமம் ஒருவர் பெயரில், அறைகள் நாலைந்து பேர் கையில். ஒவ்வொருவரும் கொடுத்த பணத்தை எடுக்க வேண்டும். தீபாவளிக்கு முன் சரக்கு போக வேண்டும். நான்கு பேர் அறையில் ஏழு எட்டுப் பேர் உட்காருகிறார்கள், இடம் போதாவிட்டால் மரத்தடியில் உட்காருகிறார்கள். கூலி பீஸ் ரேட். பட்டுவாடா வாரக் கடைசியில். இந்த ஏற்பாட்டில் உண்மையான வருகைப் பதிவேடு எழுதினால் அதுவே குற்றத்துக்குச் சாட்சியாகிவிடும். ஆகவே எழுதுவதில்லை, அல்லது நான்கு பேரை மட்டும் எழுதுகிறார்கள்.

எழுதப்படாத அந்த ஐந்தாவது ஆள் இழப்பது என்ன? இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

ஒரு தொழிலாளி நாளுக்கு 500 ரூபாய் கூலிக்கு மாதம் 25 நாள் வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 12,500. தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.யின் சந்தாவாக அவரிடம் பிடிப்பது 0.75 சதவீதம், அதாவது சுமார் 94 ரூபாய். முதலாளி கட்ட வேண்டியது 3.25 சதவீதம், சுமார் 406 ரூபாய். இந்த 500 ரூபாய்க்கு அவர் குடும்பத்துக்கே சிவகாசி இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் வைத்தியம் உண்டு. கை கருகிப் படுத்துவிட்டால் தேறும்வரை கூலியில் 90 சதவீதம் வரும். விரலோ கண்ணோ போய்விட்டால் இழப்பின் அளவுக்கேற்ப ஆயுள் முழுக்கத் தொகை வரும். அவர் இறந்துபோனால் மனைவிக்கும் ஒரு பிள்ளைக்கும் சேர்த்து நாளுக்கு 450 ரூபாய். மனைவிக்கு அது மறுமணம் செய்துகொள்ளாத வரை ஆயுளுக்கும் உண்டு. மகன் என்றால் 25 வயது வரை, மகள் என்றால் திருமணம் வரை. ஆண்டுக்கு அது 1,64,250 ரூபாய். 2023 அக்டோபரில் சிவகாசி அருகே ரெங்கபாளையம் பட்டாசு ஆலை விபத்தில் பதின்மூன்று பேர், பெரும்பாலும் பெண்கள், இறந்தபோது முதலமைச்சர் பொது நிவாரண நிதியிலிருந்து குடும்பத்துக்கு அறிவித்தது 3 லட்சம். இ.எஸ்.ஐ. பேரேட்டில் பெயர் இருந்தால் இரண்டே ஆண்டில் அந்தத் தொகையைத் தாண்டிவிடும். மூன்றாம் ஆண்டும் வரும், பத்தாம் ஆண்டும் வரும். எத்தனை நாள் சந்தா கட்டினார் என்ற கேள்வியும் வேலை விபத்தில் கிடையாது. முதல் நாள் வேலைக்குப் போய் அன்றே இறந்தவருக்கும் உரிமை உண்டு. அவர் அங்கே வேலை பார்த்தார் என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான். காட்டுவதற்கு எதுவுமில்லாததுதான் துயரம்.

ஆகவேதான் ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் பேரம் பிணவறை வாசலில் நடக்கிறது. உறவினர்கள் உடலை வாங்க மறுத்து உட்காருகிறார்கள், அதிகாரிகள் வருகிறார்கள், ஆலைத் தரப்பிலிருந்து ஒரு காசோலையும் ஈமச் செலவுக்குக் கையில் கொஞ்சம் ரொக்கமும் வருகின்றன. அதற்குப் பின் முதல் தகவல் அறிக்கை நகல், பிரேதப் பரிசோதனைச் சான்று, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று என்று தாலுகா ஆபீசுக்கும் காவல் நிலையத்துக்கும் மாறி மாறி நடை. நடக்கிறவள் கணவனைப் பறிகொடுத்து ஒரு மாதம்கூட ஆகாத பெண். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டி ஆலை வெடிவிபத்தில் சுமார் 40 பேர் மாண்டார்கள். உதவிக்கு ஓடிய அக்கம்பக்கத்தாரும் அதில் உண்டு. 2021 பிப்ரவரி 12-ஆம் தேதி அச்சங்குளம் ஆலை விபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர். அந்த விபத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. உத்தரவு வந்துவிட்டது என்பதற்காகப் பணம் தானாக வீடு தேடி வராது. பின்தொடர ஆள் வேண்டும். அந்த ஆள் யார்?

என் பார்வையில் அது சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகம். 2023-ல் எல்லா உறுப்பினர் அலுவலகங்களிலும் இ-சேவை மையம் நடத்த அரசு கருவிகள் தந்தது. சான்றிதழ் விண்ணப்பம் போடும் அதே மேசையில் தொழிலாளியின் இ.எஸ்.ஐ. எண் உயிரோடு இருக்கிறதா, போன மாதச் சந்தா கட்டப்பட்டதா என்று பார்த்துச் சொல்லலாம். தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலாளர்களுக்கென்று மாநிலத்தில் தனி நல வாரியமே இருக்கிறது. 18 வயது முதல் 60 வரை பதியலாம். பிள்ளைகள் படிப்புக்கு, திருமணத்துக்கு, பேறுகாலத்துக்கு உதவி, விபத்து மரணத்துக்கு நிவாரணம், 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம். அட்டையைக் காலத்தில் புதுப்பிக்காவிட்டால் எதுவும் கிடையாது. எத்தனை பேர் அட்டை காலாவதியாகிக் கிடக்கிறது என்று ஊர்வாரியாக எடுத்துச் சொல்லும் உறுப்பினர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், அவர் இருபது நிழற்குடை கட்டியவரைவிட அதிகம் செய்தவர்.

எதிர்ப்பு வரும். தொழிலாளிகளே சிலர் பிடித்தம் வேண்டாம், முழுக் கூலியைக் கையில் கொடுங்கள் என்கிறார்கள். வாரக் கடன் கட்ட வேண்டியவரிடம் 94 ரூபாயும் பெரிதுதான். அதற்கு விளக்கிச் சொல்வதைத் தவிர வேறு மருந்தில்லை. முதலாளிகள் பக்கமும் ஒரு நியாயத்தைக் கேட்க வேண்டும். 2018 அக்டோபர் 23-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பையும் சரவெடியையும் தடை செய்து, பசுமைப் பட்டாசுக்கு மட்டும் வழிவிட்டது. வடக்கே ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு தடை வருமா என்ற பயம். ஒழுங்காகப் பதிவேடு வைத்து, சந்தா கட்டி, நான்கு பேரையே உட்கார வைக்கும் ஆலையின் சரக்கு, உள்குத்தகைக்காரரின் சரக்கோடு விலையில் போட்டி போட முடியாமல் திணறுகிறது. அப்படிப்பட்ட ஆலைகள் இங்கே உண்டு. அவர்களைக் காப்பாற்றவும் உள்குத்தகையை ஒழித்தாக வேண்டும். தேர்தல் செலவு, கோயில் கொடை, சங்கக் கூட்டம் என்று அரசியலும் ஆலையும் நெருங்கி வாழும் ஊரில் உறுப்பினருக்கு இது சங்கடமான வேலை. சங்கடம்தான் என்றாலும் தொழிலாளியின் வாக்கும் அதே பெட்டியில்தான் விழுந்தது.

இன்னொரு சிக்கல் எல்லை. ஆலை ஒரு தொகுதியில் இருக்கும். வேலைக்கு வருகிறவர் வேன் ஏறி இன்னொரு தொகுதியிலிருந்து வருவார். வெடித்த இடத்து உறுப்பினர் மாலை வைக்கிறார், இறந்தவர் ஊர் உறுப்பினர் ஆறுதல் சொல்கிறார். அதன் பிறகு யார் பொறுப்பு என்பது மங்கிப்போகிறது. சிவகாசி, சாத்தூர், விருதுநகர், ஸ்ரீவில்லிபுத்தூர் உறுப்பினர்கள் கட்சி பாராமல் ஆண்டுக்கொரு முறை சேர்ந்து உட்கார்ந்து ஒரே அறிக்கை வெளியிட்டால் இந்த ஓட்டை அடைபடும்.

வேலையில்லாத நாட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தீபாவளி முடிந்தால் ஆலைகள் சில வாரம் மூடும். வடகிழக்குப் பருவமழையில் வெயில் இல்லாமல் சரக்கைக் காயவைக்க முடியாது. 2018 தீர்ப்பை அடுத்து நவம்பரில் மூடிய ஆலைகள் மறு ஆண்டு மார்ச்சில்தான் திறந்தன. நூறு நாளுக்கு மேல் அடுப்பு எப்படி எரிந்தது என்று அந்த வீடுகளில் கேட்டால் அடகு வைத்த நகையின் பட்டியல் வரும். கடலோரத்தில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் மீனவக் குடும்பத்துக்கு அரசு 8,000 ரூபாய் தருகிறது. முன்பு 5,000 ஆக இருந்தது. 2023-ல் உயர்த்தி அறிவித்தார்கள். அரசின் உத்தரவால் வேலை நிற்கும்போது உழைப்பவருக்கு ஈடு கொடுப்பது என்ற கொள்கை தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. அதைப் பட்டாசுக்கும் நீட்ட வேண்டும் என்று கேட்க எண்ணிக்கை வேண்டும். பதிவேடு இல்லாத தொழிலில் யாருக்குக் கொடுப்பது என்று நிதித் துறை கேட்டால் பதில் சொல்ல முடியாது. மறுபடி அதே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறோம்.

மருத்துவத்தில் நிலைமை முன்னைவிடத் தேவலை. 2022 ஜனவரி 12-ஆம் தேதி மாநிலத்தில் ஒரே நாளில் திறந்த பதினொரு அரசு மருத்துவக் கல்லூரிகளில் விருதுநகரும் ஒன்று. சிவகாசி அரசு மருத்துவமனையில் தீக்காயப் பிரிவு இருக்கிறது. இருந்தும் கடுமையான தீக்காயம் என்றால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு அனுப்புவது இன்னும் நடக்கிறது. தீக்காயத்தில் முதல் சில மணி நேரம் உயிரைத் தீர்மானிக்கிறது. எத்தனை பேரை மதுரைக்கு அனுப்பினோம், ஏன் அனுப்பினோம் என்பது உறுப்பினரின் அறிக்கையில் வர வேண்டிய தகவல். புதிய வேலைவாய்ப்புப் பக்கம், ஈ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் பிரதமர் மித்ரா ஜவுளிப் பூங்கா வருகிறது. மருந்து அறையிலிருந்து தையல் எந்திரத்துக்கு ஒரு பெண் மாறிப் போனால் அது நல்ல செய்தி. அந்த மாற்றத்துக்குப் பயிற்சி யார் தருவது என்பதை இப்போதே கேட்டு வைக்க வேண்டும்.

அமெரிக்க மாநிலங்களில் சட்டமன்ற உறுப்பினர்கள் தொகுதி மக்களுக்குக் காலந்தோறும் மடல் அனுப்புவது நெடுநாள் வழக்கம். எந்த உதவிக்கு எங்கே விண்ணப்பிப்பது, கடைசித் தேதி என்ன, எந்த மசோதாவில் எப்படி வாக்களித்தேன் என்றெல்லாம் அதில் இருக்கும். நம் நாட்டிலேயே இன்னும் நல்ல முன்மாதிரி உண்டு. நூறு நாள் வேலைச் சட்டம் 2005-லேயே கிராம சபையில் சமூகத் தணிக்கைக்கு வழி செய்தது. மேகாலயா 2017-ல் அரசுத் திட்டங்களுக்குச் சமூகத் தணிக்கை என்று தனிச் சட்டமே போட்டது. பயனாளியின் பெயரை ஊர் நடுவே படித்து, இருக்கிறவர் கையைத் தூக்கச் சொல்வது அதன் சாரம். வெம்பக்கோட்டைப் பக்கத்து ஊர் ஒன்றில் கிராம சபை கூடும்போது உறுப்பினர் போய் உட்கார்ந்து, இந்த ஊரில் பட்டாசு வேலைக்குப் போகிறவர் எத்தனை பேர், இ.எஸ்.ஐ. எண் உள்ளவர் எத்தனை, வாரிய அட்டை உள்ளவர் எத்தனை என்று மூன்றே கேள்வி கேட்டால் போதும். அரை மணி நேரத்தில் கணக்கு கிடைத்துவிடும். அடுத்த ஆண்டு வந்து அதே மூன்று கேள்வி. இரண்டு விடைகளுக்கும் இடையில் உள்ள வித்தியாசம்தான் அவருடைய ஓராண்டு வேலை.

2024 நவம்பரில் விருதுநகர் வந்த முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், பட்டாசு ஆலை விபத்தில் இறந்தவர்களின் பிள்ளைகளது படிப்புச் செலவை அரசே ஏற்கும் என்றும், அதற்கு ஆட்சியர் தலைமையில் முதற்கட்டமாக 5 கோடி ரூபாயில் தனி நிதி என்றும் அறிவித்தார். மனமார வரவேற்க வேண்டிய அறிவிப்பு. ஆனால் இந்த வட்டாரத்தில் சாவு ஆலைக்குள் மட்டும் நிகழ்வதில்லை. உரிமம் இல்லாமல் வீட்டிலேயே பட்டாசுக்கான கருந்திரி சுற்றிக் கொடுத்து, அதில் தீப்பிடித்து இறந்த தாய்மார் இருக்கிறார்கள். அவர்கள் செய்தது சட்டப்படி குற்றம். அவர்களிடம் திரியைக் கொடுத்துச் சுற்றச் சொன்னவர் யார் என்பது பெரும்பாலும் வழக்கில் வருவதே இல்லை. அந்தத் தாயின் பெயர் எந்த ஆலையின் பேரேட்டிலும் இருக்காது. அவள் பிள்ளைக்கு இந்த 5 கோடியில் பங்கு உண்டா? அடுத்த கூட்டத்தொடரில் இந்தக் கேள்வியை எழுத்தில் கேட்டு, அமைச்சரின் பதிலை அச்சடித்து, சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை ஊர்களின் ரேஷன் கடைச் சுவர்களில் ஒட்ட வேண்டியவர் தொகுதி உறுப்பினர்.